வார்டிலிருந்து கோலிக்கு: பிசியோதெரபிக் கல்வி கடந்துவந்த எழுபது ஆண்டுகள்

(கோபர்கைரனேயில் மும்பைத் தமிழர்கள் முன் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பிசியோதெரபிக் கல்வியைப் பற்றிப் பேசுவதற்கு நவி மும்பையின் கோபர்கைரனே மிகப் பொருத்தமான ஊர். நகரமைப்பு நிறுவனமான சிட்கோ கட்டிக்கொடுத்த சின்னச் சின்ன வரிசை வீடுகளில் இங்கே, மூட்டை சுமக்கும் மாத்தாடித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. மும்பைத் தீவில் இருந்த மொத்த வியாபாரச் சந்தைகள் 1980-களிலும் 1990-களிலும் பக்கத்து வாஷிக்குப் பெயர்ந்தன. வெங்காய மூட்டையும் மிளகாய் மூட்டையும் வந்த வழியே, அவற்றைச் சுமந்தவர்களும் கழியைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தார்கள். 1969-ஆம் ஆண்டின் மாத்தாடிச் சட்டம் அவர்களுடைய கூலிக்கும் நலனுக்கும் வாரியங்கள் அமைத்துத் தந்தது. அவர்கள் பெயரில் ஒரு மருத்துவமனையும் இவ்வூரில் இருக்கிறது. ஆனால் கழுத்துக்கு எந்தச் சட்டமும் தெரியாது. 50 கிலோ மூட்டையை இருபது, முப்பது ஆண்டுகள் தலையில் ஏற்றிய மனிதருக்குக் கழுத்து முள்ளெலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டுகள் தேய்கின்றன. ஒரு நாள் விரல்கள் மரத்துப்போகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு அவர் மருத்துவமனைக்கு வருகிறார்.

அதே நாளில், பக்கத்து மாபேயின் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இருபத்தெட்டு வயதுப் பெண்ணும் அதே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார். அவர் தலையில் எதையும் சுமந்ததில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் குனிந்திருந்ததே அவருக்கு வினையாகிவிட்டது.

இந்த இருவரையும் தொட்டு, சோதித்து, பயிற்சி கொடுக்கப்போகும் பிசியோதெரபிஸ்ட் எங்கே படித்தவர்? எந்த நோயாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடத்தைப் படித்தவர்? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியது. பேராசிரியர்கள் கூடிப் பாடத்திட்டத்தை எழுதுகிறார்கள் என்பது பாதி உண்மை. ஊரில் எந்த நோய் பரவுகிறது, சிகிச்சைக்கு யார் பணம் கட்டுகிறார்கள், நோயாளி எத்தனை நாள் கட்டிலில் கிடக்க அனுமதிக்கப்படுகிறார் ஆகிய மூன்றும் சேர்ந்து மறுபாதியை எழுதுகின்றன.

இந்தியாவில் இந்தப் படிப்பு பிறந்தது நம் மும்பையில், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில். 1952-ஐ ஒட்டி நகரத்தில் இளம்பிள்ளை வாதம் பரவியது. குழந்தைகள் காய்ச்சலோடு படுத்தன. எழுந்தபோது கால் எழவில்லை. மருந்து இல்லாத அந்த நோய்க்கு மிச்சமிருந்த ஒரே வழி, செத்துப்போகாத தசைகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கு வலுவூட்டுவதுதான். அதைச் செய்யத் தெரிந்தவர்கள் இங்கே அநேகமாக இல்லை. உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் மும்பை மாநகராட்சியும் கைகோத்து 1950-களின் தொடக்கத்தில் கே.இ.எம்.மில் ஒரு பிசியோதெரபிப் பள்ளியை உண்டாக்கின. 1955-இல் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் வந்தது. அதே ஆண்டில் இந்திய பிசியோதெரபிஸ்ட்டுகள் சங்கமும் அமைந்தது.

அந்தக் காலப் பாடம் முழுக்க முழுக்க இளம்பிள்ளை வாதம் எழுதிய பாடம். ஒவ்வொரு தசையையும் தனித்தனியே கையால் சோதித்து, துடிப்பே இல்லையென்றால் 0, முழு வலு இருந்தால் 5 என்று குறிக்கும் முறைக்கு அடித்தளம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அதே நோய்க்காகப் போடப்பட்டது. மும்பை மாணவர்கள் அதைக் குழந்தைகளின் மெலிந்த கால்களில் கற்றார்கள். காலைத் தாங்கும் காலிப்பர் பொருத்துவது, வளைந்த மூட்டைத் துணிக்கட்டால் நேராக்குவது, ஒரு குழந்தையை ஒன்றரை ஆண்டு பொறுமையாக நடக்கவைப்பது ஆகியவை அவர்களுடைய தேர்ச்சி. நோயாளி நீண்ட காலம் வார்டில் இருந்தார். மாணவரும் அவரோடு நீண்ட காலம் இருந்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு மனித உடல் மீள்வதைப் பார்க்கும் பேறு அந்தத் தலைமுறைக்குக் கிடைத்தது. அதை ஒரு பேறு என்றே சொல்ல வேண்டும்.

பிறகு நோய் போயிற்று. இயற்கை வைரஸால் இளம்பிள்ளை வாதம் வந்த இந்தியாவின் கடைசி நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹவுராவில் 2011 ஜனவரி 13 அன்று கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-இல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாகச் சான்று பெற்றது. இன்று இறுதியாண்டு படிக்கும் மாணவர் அந்தக் காய்ச்சலோடு வரும் ஒரு குழந்தையைக்கூடக் கண்டிருக்க மாட்டார். 0 முதல் 5 வரையான அந்த மதிப்பெண் மட்டும் இன்றும் ஒவ்வொரு நோயாளியின் தாளிலும் இருக்கிறது.

அந்தக் கட்டில்களில் இப்போது வேறு ஆட்கள். பக்கவாதம் வந்த ஆட்டோ ஓட்டுநர், இதய அறுவை முடிந்த வங்கி ஊழியர், மூட்டு மாற்றிய மாட்டுங்கா பாட்டி. இவர்களோடு மும்பைக்கே உரிய ஒரு வரிசை: ரயிலில் அடிபட்டவர்கள். இந்நகரத்தின் புறநகர் ரயில் பாதைகளில் அண்மைக்காலத்திலும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். பிழைத்தவர்களில் கால் இழந்தவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள் ஏராளம். தாராவிக்கு அடுத்திருக்கும் சயான் மருத்துவமனையில் பயிலும் மாணவருக்கு இவர்களே பாடம்.

இந்தப் புது நோயாளிகள் விஷயத்தில் பணத்தின் கணக்கு குறுக்கே வருகிறது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மாற்று உபகரணங்களின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. மிகுதியாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகையின் உச்சவிலை 54,720 ரூபாய் ஆயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பர் 23-இல் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் தொடங்கி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்றது. மகாராஷ்டிரத்தில் அதற்கு முன்பே ஜோதிராவ் புலே பெயரில் மாநிலத் திட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைக்கு எட்டாத அறுவை எட்டும் தூரத்துக்கு வந்தது. இது பெரிய நன்மை. அதில் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் இத்திட்டங்கள் பணம் கட்டுவது மருத்துவமனைக் கட்டிலுக்கு. பிரதமர் திட்டத்தில் வீடு திரும்பிய பின் பதினைந்து நாள் மருந்துக்கு இடம் உண்டு. பல மாதங்கள் வாரம் மூன்று முறை செய்ய வேண்டிய பயிற்சிக்கு இல்லை. முழங்காலை மடக்கவும் நீட்டவும் பழக்கும் வேலையில் பெரும்பகுதி அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் நடக்கிறது. பக்கவாதத்தில் அது மாதக் கணக்கு. அந்தச் செலவு நோயாளியின் பையிலிருந்தே போகிறது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தரும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-இல் 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. பிசியோதெரபி தேடி வருபவருக்கு இந்த இறக்கத்தின் பலன் அதிகம் தெரியாது.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர் பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறார். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், தாராவியின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இட்லி வியாபாரம் செய்துவந்தவர் அதே அறுவையை அரசுத் திட்டத்தில் செய்துகொண்டு, மடங்காத காலோடு உட்கார்ந்திருக்கிறார். அறுவை செய்த கை இருவருக்கும் ஒரே தரம். பிற்பாடு கிடைத்த கவனிப்பு ஒன்றல்ல.

மாணவருக்கு இதனால் நேர்ந்தது என்ன? கட்டில் சீக்கிரம் காலியாவதால் அவர் மீட்சியின் முதல் சில நாட்களை மட்டும் பார்க்கிறார். நோயாளியை எழுப்பி உட்காரவைக்கிறார், வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடத்துகிறார். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறொருவர். அதே நோயாளி மூன்று மாதம் கழித்துக் கடைக்குப் போனாரா, சம்மணம் போட முயன்று விழுந்தாரா என்பது அவருக்குத் தெரியாமலே பட்டம் கையில் வந்துவிடுகிறது.

அமெரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன நாடு. 1983-இல் அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டம், நோய்க்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை நிர்ணயித்துவிட்டது. நோயாளியை அதிக நாள் வைத்திருந்தால் மருத்துவமனைக்கு நட்டம். முழுதாகத் தேறாதவர்கள் வீட்டுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். பிசியோதெரபிஸ்ட்டுகளும் அவர்கள் பின்னே போனார்கள். தனியே முடிவெடுக்கத் தெரிந்தவர் தேவைப்பட்டார். 1993-இல் நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகம் இத்தொழிலுக்கு முதல் படிப்பையே முனைவர் தரத்தில் தொடங்கியது. 2016 முதல் அங்கே அதுவே கட்டாயத் தகுதி. இடையில் 1997-இல் வந்த வரவுசெலவுச் சட்டம் வெளிநோயாளிப் பயிற்சிக்கு ஆண்டுக்கு 1,500 டாலர் என்று வரம்பு வைத்தது. வேலைகள் சுருங்கின, கல்லூரிகளுக்கு விண்ணப்பங்கள் குறைந்தன. பணம் கட்டும் விதியில் ஒரு வரி மாறினால் வகுப்பறை காலியாகிறது. சென்னையிலும் மும்பையிலும் படித்து அங்கே போக நினைத்த நம் பிள்ளைகளுக்கும் அதன் சூடு தெரிந்தது: அவர்களுடைய பட்டம் அந்நாட்டுப் பட்டத்துக்கு ஈடா என்ற ஆய்வு கடினமாயிற்று, கூடுதல் பாடங்கள் எழுத நேர்ந்தது.

அமெரிக்காவின் பட்டத்தைப் பின்பற்றுவது எளிது. நமக்கு அவசரமாகத் தேவைப்படுவது அதுவல்ல. தாராவியின் ஒரு கோலிக்குள், அதாவது ஒற்றை அறை வீட்டுக்குள், போய்ப் பார்த்தால் தேவை விளங்கும்.

கீழே ஒரு கோலி, மேலே ஒரு கோலி. இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. மேல் கோலியில் வாடகைக்கு இருப்பவருக்கு வலது பக்கம் வாதம் வந்துவிட்டது. மருத்துவமனையில் அவரை இரண்டு கம்பிகளுக்கு நடுவே, வழவழப்பான தரையில், கண்ணாடி முன்னால் நடக்கப் பழக்கினார்கள். படி ஏறும்போது வலுவுள்ள கால் முதலில், இறங்கும்போது வலுவற்ற கால் முதலில் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது சரியான பாடம். ஆனால் இந்த ஏணியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்பக்கமாகத்தான் இறங்க முடியும். கீழே போகும் பாதம் கண்ணுக்குத் தெரியாது. வாதம் வந்த காலின் முன்பாதம் தொங்குகிறது, தொடு உணர்வும் மங்கியிருக்கிறது. படிக்கம்பி பட்டதா தவறியதா என்று கால் சொல்லாது. கயிற்றைப் பிடிக்க வேண்டிய கை, வலுவிழந்த அதே கை. இறங்கிவிட்டாலும் வாசலில் இருப்பது இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்து. வாக்கர் அதில் நுழையாது. பொதுக் கழிப்பிடத்தில் வரிசையில் நின்று, பிறகு குந்தி உட்கார வேண்டும்.

இவருக்கு எந்தப் பயிற்சி? ஏணியின் எந்தக் கம்பியில் துணி சுற்றினால் பாதம் வழுக்காது? மேல் கோலியைக் கீழ் கோலிக்காரரோடு ஆறு மாதம் மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா? நாற்காலியின் நடுவில் துளை போட்டுக் கழிப்பிடமாக்க அக்கம்பக்கத்துத் தச்சர் யார்? இவை அற்பக் கேள்விகள் அல்ல. அந்த மனிதர் மறுபடி வெளியுலகத்தைப் பார்ப்பாரா மாட்டாரா என்பதை இவையே முடிவு செய்கின்றன. நான்கு ஆண்டு படித்த மாணவர் ஒரு கோலிக்குள்ளும் காலெடுத்து வைக்காமல் தேர்ச்சி பெற முடியுமானால் குறை கல்வியில் இருக்கிறது.

2020 ஏப்ரல் 1-இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அடுத்த மாதங்களில் மும்பையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பிசியோதெரபிஸ்ட்டுகள் கவச உடைக்குள் நின்று நோயாளிகளைக் குப்புறப் படுக்கவைத்தார்கள், மூச்சுப் பயிற்சி தந்தார்கள், வாரக்கணக்கில் கிடந்த உடம்பை உட்காரவைத்தார்கள். நெஞ்சுப் பிசியோதெரபியின் அருமை பொதுமக்களுக்குத் தெரிந்தது அப்போதுதான். அதே காலத்தில், தொட்டுக் கற்க வேண்டிய இந்தக் கலையை மாணவர்கள் கைபேசித் திரையில் கற்றார்கள். தொலைவழிச் சிகிச்சைக்கு மத்திய அரசு 2020 மார்ச் 25-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பதிவுபெற்ற மருத்துவர்களுக்கானது. பிசியோதெரபிஸ்ட்டுகள் அதற்குள் வரவில்லை. பல பேர் தாமாகவே வீடியோவில் பயிற்சி சொல்லிக்கொடுக்கப் பழகினார்கள்.

மறுபக்கம் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அத்திட்டத்தில் ஒன்றியம்தோறும் இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், வண்டியில் ஏறிப் படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்குப் போகிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அத்திட்டத்துக்குக் கிடைத்தது.

ஒரு ஒன்றியத்துக்கு ஒருவர் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் தினம் போக முடியாது. அவர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, மருமகளுக்கோ பேரனுக்கோ கற்றுக்கொடுப்பது: மாமனாரைப் படுக்கையில் எப்படிப் புரட்ட வேண்டும், இடுப்பு வலிக்காமல் எப்படித் தூக்க வேண்டும், புண் வரும் இடம் எது. சுகாதாரத் தன்னார்வலரோடும் செவிலியரோடும் சேர்ந்து திட்டமிட வேண்டும். மருத்துவமனையில் எந்திரங்களுக்கு நடுவே பயின்றவருக்கு வெறுங்கையோடு ஒரு கூரை வீட்டுக்குள் நுழைந்து சிகிச்சையைத் தொடங்கும் துணிவு தேவை. அரசு ஆணை ஒரு நாளில் இந்த வேலையை உண்டாக்கிவிட்டது. அதற்கான ஆளை உண்டாக்கக் கல்லூரிக்கு ஐந்து ஆண்டு பிடிக்கும்.

சட்டமும் இப்போது மாறியிருக்கிறது. பல் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தேசிய அவை பல காலமாக உண்டு. பிசியோதெரபிக்கு அது நெடுங்காலம் வாய்க்கவில்லை. 2007-இல் மக்களவைக்கு வந்த மசோதா சட்டமாகவில்லை. மகாராஷ்டிரம், தில்லி போன்ற சில மாநிலங்கள் தம் அளவில் அவைகளை அமைத்துக்கொண்டன. கடைசியில் 2021 மார்ச்சில்தான் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. பட்டதாரி சுகாதாரத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வி என்று அது வரையறுத்தது. மாநிலங்கள் அதையும் கிடப்பில் போட்டன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது.

2025-இல் வந்த புதிய தேசியப் பாடத்திட்டம் ஆறு மாதமாக இருந்த இன்டர்ன்ஷிப்பை முழு ஓராண்டாக்கி, படிப்பை ஐந்து ஆண்டாக நீட்டியது. நுழைவுக்கு நீட் தேர்வை வைத்தது. மகாராஷ்டிரத்தில் இந்தப் படிப்பில் சேர ஏற்கெனவே நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். எனவே இங்கே யாரும் பதறவில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை நடத்திவந்த தமிழ்நாட்டில், கிராமத்துப் பெண் ஒருத்தி இப்படிப்புக்கு வரும் வழியே இதனால் மாறுகிறது. ஒன்றியத்து வீடுகளுக்கு அவளைப் போன்றவர்கள்தான் விருப்பத்தோடு போவார்கள் என்பதை விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 9-இல் மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகம், பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக்கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே திரும்பப் பெற்றது. தொலைக்காட்சி விவாதங்கள் அந்த ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தன. தொழிலின் மரியாதை முக்கியம்தான். ஆனால் புதிதாகக் கிடைத்த ஆறு மாதத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போனது. அதே மருத்துவமனையில், அதே வார்டில், சம்பளமில்லா உதவியாளராக இன்னும் ஆறு மாதம் நிற்கவைப்பதென்றால் பிள்ளைகளின் இளமைதான் விரயம்.

அந்த ஆறு மாதத்துக்கு இந்த வட்டாரத்திலேயே இடம் இருக்கிறது. நெரூலிலும் காமோத்தேயிலும் பெரிய பிசியோதெரபிக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பயிலும் மாணவர்கள் வாஷிச் சந்தையில் விடியற்காலையில் மூட்டை இறங்கும்போது நின்று பார்த்து, எந்த அசைவில் முதுகு கெடுகிறது என்று குறித்து, தொழிலாளரோடு உட்கார்ந்து மாற்று வழி பேசலாம். தாராவியிலும் செம்பூர்ப் பக்கத்துச் சீத்தா கேம்ப்பிலும் வீடு வீடாகப் போகலாம். அங்கே தமிழும் மராத்தியும் இந்தியும் தெரிந்த மாணவருக்கு மதிப்பு அதிகம். பக்கவாதத்தில் பேச்சுக் குழறிய ஒரு திருநெல்வேலிப் பாட்டியிடம் கையைத் தூக்கச் சொல்ல, அவருடைய பேச்சிலேயே சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலையை எந்தக் கல்லூரியும் நெடுநாள் நடத்தாது. அந்த வீட்டு வருகைக்கு அரசின் காப்பீட்டுத் திட்டம் பணம் கட்ட வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழ வேண்டும். இல்லையென்றால் மாணவர் பழகிய வேலைக்குப் படித்து முடித்தபின் சம்பளம் தர ஆளிருக்காது.

பிள்ளையை இப்படிப்பில் சேர்க்க எண்ணியிருக்கும் பெற்றோர் இங்கே பலர் இருப்பீர்கள். கட்டடத்தையும் எந்திரங்களையும் காட்டும் கல்லூரியிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பல்கலைக்கழக இணைப்பும் புதிய சட்டத்தின்படி அங்கீகாரமும் இருக்கின்றனவா? கல்லூரியின் மருத்துவமனையில் உண்மையில் எத்தனை கட்டில்களில் நோயாளிகள் இருக்கிறார்கள்? இன்டர்ன்ஷிப் ஆண்டில் மாதம் எவ்வளவு உதவித்தொகை? அந்த ஆண்டில் எத்தனை வாரம் மருத்துவமனைக்கு வெளியே, யாருடைய மேற்பார்வையில், எந்தெந்த வட்டாரங்களில்? கடைசிக் கேள்விக்கு வட்டாரத்தின் பெயரோடு பதில் வந்தால் விண்ணப்பப் படிவத்தை வாங்கலாம்.